விண்கப்பல் சண்டையில் விலைப்பட்டியல் எங்கே?

"கதைதானே மச்சி, இதுல போய் லாஜிக் பாத்துக்கிட்டு..." என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு லாஜிக் வேறு, சயின்ஸ் வேறு என்பதே தெரியாது. நான் கேட்பது சயின்ஸ் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

விண்வெளியில் காற்று கிடையாது, வெடிச்சத்தம் கேட்காது. தெரியும். லேசர் கதிரைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் சிவப்புக் கோடு, பச்சைக் கோடு எதுவும் தெரியாது. அதுவும் தெரியும். ஒளியை விட வேகமாகக் கப்பல் போக முடியாது என்று ஐன்ஸ்டைன் சொல்லிவிட்டார், பாவம் அவரை விடுங்கள். இதையெல்லாம் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குகிறேன். நான் பி.காம். படிப்பவன், பிசிக்ஸைப் பத்தாம் வகுப்போடு கும்பிட்டு வழியனுப்பி வைத்தவன். நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். உங்கள் கதையில் வரும் ஆயுதம் என்ன விலை? அதைத் தடுக்கிற கேடயம் என்ன விலை? இரண்டில் எது மலிவு?

எது மலிவு என்று முடிவாகிவிட்டால் அந்த உலகத்தில் யார் யாரை ஆளுவார்கள், எப்படிச் சண்டை போடுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று எல்லாமே அதிலிருந்து வந்துவிடும். அதை முடிவு செய்யாமல் கதை எழுதினால், அல்லது பாதியில் மாற்றினால், செத்தவர்கள் எல்லாம் வீணாகச் செத்தவர்கள் ஆகிவிடுவார்கள். இது சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. உதாரணம் இருக்கிறது.

2017-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படம், 'தி லாஸ்ட் ஜெடாய்'. நல்லவர்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு பெரிய கப்பல், ராடஸ், நீளம் சுமார் மூன்றரை கிலோமீட்டர். துரத்துகிற வில்லன்களின் தலைமைக் கப்பல் சுப்ரமஸியோ 60 கிலோமீட்டர் அகலம். சென்னையில் இருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒரே கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் சின்னச் சின்னப் படகுகளில் அனுப்பிவிட்டு, வைஸ் அட்மிரல் ஹோல்டோ என்கிற அம்மணி தனியாளாகத் தங்கி, கப்பலைத் திருப்பி, எதிரிக் கப்பலைப் பார்த்து நேராக ஹைப்பர்ஸ்பேஸுக்குள் பாய்கிறார். சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளைக் கோடு. சுப்ரமஸி இரண்டு துண்டு. பின்னால் நின்ற கப்பல்களும் காலி.

அழகான காட்சி, மறுக்கவில்லை. அந்தத் தொடரிலேயே கண்ணுக்கு மிக அழகான பத்து நொடி இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பத்து நொடியில் நாற்பது வருடக் கதை மொத்தமும் திவால் ஆகிவிட்டது. எப்படி என்கிறீர்களா?

ஹைப்பர்ஸ்பேஸ் எஞ்சின் அந்த உலகத்தில் அரிய பொருள் இல்லை. கடத்தல்காரன் வைத்திருக்கும் ஓட்டை வண்டியில் இருக்கிறது. ஒற்றை ஆள் ஓட்டுகிற எக்ஸ்-விங் போர் விமானத்தில் இருக்கிறது. நம் ஊர் பைக்கில் இருக்கும் எஞ்சின் மாதிரி. அதை முட்டவிட்டாலே எதிரிக் கடற்படை சிதறும் என்றால் 1977-ல் டெத் ஸ்டாரை அழிக்க முப்பது விமானங்களும் அத்தனை பைலட்டுகளின் உயிரும் எதற்கு? ஒரு பழைய சரக்குக் கப்பலை ஏலத்தில் எடுத்து, ஒரு விண்கல்லைக் கட்டி, ரோபோவை உட்காரவைத்து அனுப்பியிருக்கலாமே? பிக்ஸ் எதற்காகச் செத்தான்? 1983-ல் இரண்டாவது டெத் ஸ்டார், அதற்கு ஒரு கேடயம், அந்தக் கேடயத்தை அணைக்கக் காட்டுக்குள் ஒரு படை, கரடிக்குட்டிகள் சகிதம்... எதற்கு இத்தனை கூத்து?

இதைக் கேட்டால் ரசிகர்கள் மூன்று பதில் சொல்வார்கள். மூன்றையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

முதல் பதில், "அது தியாகம்டா, உயிரைக் கொடுக்க எல்லாரும் தயாரா இருப்பாங்களா?" ஐயா, அந்த உலகத்தில் ஹைப்பர்ஸ்பேஸ் பாய்ச்சலைக் கணக்குப் போட்டுக் கொடுப்பதே ஆர்-2 மாதிரி ரோபோக்கள்தான். மனிதர் உட்கார வேண்டிய அவசியமே இல்லை. அதைவிடக் கொடுமை ஒன்று அதே படத்தில் இருக்கிறது. ராடஸுடன் இன்னும் சில கப்பல்கள் ஓடி வருகின்றன. அவை ஒவ்வொன்றாக எரிபொருள் தீர்ந்து பின்தங்கி, எதிரியிடம் அடிவாங்கி வெடிக்கின்றன. ஒரு மருத்துவக் கப்பலின் கேப்டன் ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பலோடு சாகிறார். எப்படியும் போகப்போகிற கப்பல்! எரிபொருள் தீருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அதைத் திருப்பிவிட்டிருந்தால்? கையில் இருந்த ஏவுகணைகளைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைசியில் சொந்த வீட்டையே தூக்கி எறிந்த மாதிரி இருக்கிறது.

இரண்டாவது, "பெரிய கப்பலா இருந்தாத்தான் வேலை செய்யும்." சரி, பெரிதாகவே இருக்கட்டும். பாறைகளுக்கா பஞ்சம்? மூன்றரை கிலோமீட்டர் போர்க்கப்பல் கட்டுகிற செலவில் மூன்றரை கிலோமீட்டர் பாறைகள் எத்தனையில் எஞ்சின் பொருத்தலாம் என்று காஸ்டிங் வாத்தியாரைக் கேளுங்கள்.

மூன்றாவதுதான் உச்சம். 2019-ல் வந்த அடுத்த படத்திலேயே இந்தக் கேள்வியை அடைக்க ஒரு வசனம் வைத்தார்கள். அது பத்து லட்சத்தில் ஒரு தடவை பலிக்கிற வித்தையாம். அப்படியானால் ஹோல்டோ செய்தது திட்டம் இல்லை, லாட்டரிச் சீட்டு. தன் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தளபதி லாட்டரிச் சீட்டு வாங்கினாரா? அந்தக் கதாபாத்திரத்தை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் கப்பலைத் திருப்புவதைப் பார்த்ததும் வில்லன் தரப்பு அதிகாரிகள் முகம் வெளிறிப்போய் 'சுடு சுடு' என்று அலறுகிறார்கள். பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புக்கு யாராவது அலறுவார்களா? அந்த உலகத்தில் எல்லோருக்கும் இது என்ன என்று தெரிந்திருக்கிறது. யாரும் செய்வதில்லை. ஏன் என்று கேட்டால், இயக்குநருக்கு அதுவரை தோன்றவில்லை!

இப்போது வேடிக்கை என்னவென்றால், நிஜ பிசிக்ஸும் ஹோல்டோ பக்கம்தான். ஒரு பொருள் நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால், அதே எடை டி.என்.டி. வெடிமருந்து வெடித்த அளவு சக்தி வெளிப்படும். வேகம் இரட்டிப்பானால் சக்தி நான்கு மடங்கு. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஒரு கிலோ அரிசி மூட்டை வந்து மோதினால் சுமார் 100 கிலோ டன். ஹிரோஷிமா குண்டு 15 கிலோ டன் என்பார்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் ஆயிரம் டன் கப்பல் என்றால் 1961-ல் சோவியத் யூனியன் வெடித்த 50 மெகா டன் குண்டைப் போல இரண்டாயிரம். அரிசிக்குப் பதில் தவிடு வைத்தாலும் அதே கணக்குதான். வேகமாகப் போகிற எதுவும் குண்டுதான். 2022 செப்டம்பரில் நாசா டார்ட் என்கிற கலத்தை டைமார்ஃபஸ் என்கிற குட்டி விண்கல்லின் மேல் வேண்டுமென்றே மோதவிட்டது. ஐநூற்றுச் சொச்சம் கிலோ, நொடிக்கு ஆறு கிலோமீட்டர், உள்ளே குண்டூசி அளவு வெடிமருந்துகூடக் கிடையாது. அந்தக் கல் தன் தாய்க்கல்லைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட நேரத்தில் அரை மணி குறைந்துவிட்டது.

இதைப் புரிந்துகொண்டு எழுதியவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். லாரி நிவன் 1966-ல் ஒரு சிறுகதை எழுதினார். சண்டையையே மறந்துபோன மனிதர்களின் கப்பலை ஆயுதமற்றது என்று நினைத்துப் புலி மாதிரி ஒரு வேற்றுக்கிரக இனம் நெருங்குகிறது. மனிதர்கள் கப்பலின் பின்பக்கத்தை அவர்கள் பக்கம் திருப்புகிறார்கள். அவ்வளவுதான். நல்ல எஞ்சின் என்றாலே நல்ல ஆயுதம். அதே 1966-ல் ஹைன்லைன் நாவலில் நிலவில் இருக்கும் குடியேறிகள், தானியம் அனுப்ப வைத்திருந்த கவணை வைத்தே பூமி மேல் பாறை எறிகிறார்கள். 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரிலும் அதேதான். அங்கே யாருக்கும் மாயக் கேடயம் கிடையாது. பாறை எறிய முடியும் என்கிற ஒரு உண்மை, பூமிக்கும் விண்கல் மண்டலத்து ஏழைத் தொழிலாளிகளுக்கும் நடுவில் உள்ள அரசியலையே மாற்றுகிறது. ஆயுதம் மலிவு என்று எழுதியவர், அதை யார் முதலில் வாங்குவார்கள் என்றும் யோசித்திருக்கிறார். நான் கேட்பது இதைத்தான்.

கேடயம் விஷயத்துக்கு வருவோம். ஸ்டார் ட்ரெக்கில் அடி விழுந்ததும் ஒருவர் திரையைப் பார்த்து "கேடயம் 40 சதவீதம் கேப்டன்" என்பார். எதில் 40 சதவீதம்? பேட்டரியிலா? தடிமனிலா? அடுத்த அடியில் 39 ஆகுமா, பூஜ்யம் ஆகுமா? யாருக்கும் தெரியாது. கதைக்கு எத்தனை நிமிடம் பாக்கியோ அத்தனை சதவீதம். இது கேடயம் இல்லை, கடிகாரம். அதே ஸ்டார் ட்ரெக்கில் 1982-ல் வந்த 'தி ராத் ஆஃப் கான்' படத்தில் பாருங்கள். கான் கைப்பற்றி வைத்திருக்கும் கப்பலும் கிர்க் தரப்புக் கடற்படையைச் சேர்ந்ததுதான் என்பதால், அதன் கேடயத்தை வெளியிலிருந்தே இறக்கும் ஐந்து இலக்கச் சங்கேத எண் அவரிடம் இருக்கிறது. கானுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சண்டை அங்கேயே திரும்பிவிடுகிறது. திருடிய வண்டிக்கு ஸ்பேர் சாவி உரிமையாளரிடம் இருக்கும் என்பது மாதிரி எளிமையான லாஜிக். ஒரு சதவீதமும் தேவைப்படவில்லை.

பழைய ஸ்டார் வார்ஸிலும் இந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 1980 படத்தில் ஹாத் பனிக்கிரகத்துத் தளத்துக்கு ஒரு கேடயம். வானத்தில் இருந்து குண்டு போட்டால் தடுக்கும். ஆனால் தரையோடு நடந்து வருபவனைத் தடுக்காது. அதனால்தான் அந்த நான்கு கால் யானை இயந்திரங்கள் நடந்து வருகின்றன. இல்லாவிட்டால் கால் வைத்த டாங்க் எதற்கு? கேடயத்தின் ஒரு குறை, ஒரு முழுப் போரையே உண்டாக்கிவிட்டது பாருங்கள். 1977-ல் டெத் ஸ்டாரின் பாதுகாப்பு பெரிய கப்பல் கூட்டத்தை எதிர்பார்த்து அமைத்தது, ஒற்றை ஆள் விமானத்தை ஒரு ஆபத்தாகவே கருதவில்லை. இரண்டு மீட்டர் அகலத் துளை. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. 2016-ல் 'ரோக் ஒன்' எடுத்தவர்கள் வந்து, அந்தத் துளையை ஒரு பொறியாளர் வேண்டுமென்றே வைத்த சதி ஆக்கிவிட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. சதி எங்கேயும் நடக்கும். பெரிய நிறுவனம் தன் அகம்பாவத்தால் சின்ன வவுச்சரைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்கு நம்பும்படி இருந்தது.

கேடயத்துக்குச் சரியாக விலை வைத்தவர் என்றால் ஃப்ராங்க் ஹெர்பர்ட். 1965-ல் வந்த 'டூன்'. அங்கே உடம்பைச் சுற்றிப் போடும் கேடயம் வேகமாக வருவதைத் தடுக்கும், மெதுவாக வருவதை விட்டுவிடும். அதனால் துப்பாக்கி செத்துப்போய்க் கத்தி திரும்ப வந்துவிட்டது. லேசர் துப்பாக்கி கேடயத்தில் பட்டால் அணுகுண்டு மாதிரி வெடிக்கும், சுட்டவனும் போகலாம், சுடப்பட்டவனும் போகலாம், இரண்டு பேரும் போகலாம். பாலைவனத்தில் கேடயம் போட்டால் ராட்சதப் புழுவுக்கு வெறி பிடித்துத் தேடி வரும். ஆக ஊருக்குள் ஒரு விலை, பாலைவனத்தில் ஒரு விலை. கேடயமே இல்லாமல் வளர்ந்த பாலைவனத்து ஆட்கள் பின்னால் பெரிய படைகளை ஜெயிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெர்பர்ட்டையும் சும்மா விடமாட்டேன் :-) ஒரு லேசர் துப்பாக்கியை டைமரோடு கட்டி, எதிரியின் கேடயத்தைப் பார்க்கவைத்துவிட்டு ஊரை விட்டு ஓடினால்? சில்லறைக் காசில் ஒரு அணுகுண்டு. அணு ஆயுதத்தை மனிதர்கள் மேல் பிரயோகித்தால் மற்ற எல்லாக் குலங்களும் சேர்ந்து அவன் கிரகத்தையே அழிக்கும் என்று அங்கே ஒரு ஒப்பந்தம் உண்டு, அந்தப் பயத்தில் செய்யமாட்டார்கள் என்று வாசகர்கள் சமாதானம் சொல்வார்கள். இழக்க ஒன்றும் இல்லாதவனுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வரும்? ஆனாலும் கேள்வி கேட்டால் பதில் தேட அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. ஹோல்டோ விஷயத்தில் அது இல்லை.

நிஜத்திலும் விண்வெளிக் கேடயம் உண்டு, தெரியுமா? ஃப்ரெட் விப்பிள் என்கிற வானியலாளர் 1947-ல் சொன்ன யோசனை. கப்பலின் சுவருக்குக் கொஞ்சம் முன்னால், இடைவெளி விட்டு, ஒரு மெல்லிய உலோகத் தகடு. வேகமாக வரும் துகள் அந்தத் தகட்டில் பட்ட உடனே தூளாகிப் பரவிவிடும், சுவருக்கு வரும்போது அடி பிரிந்துபோயிருக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பது இந்த வகைதான். சுமார் ஒரு சென்டிமீட்டர் வரை தாங்கும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் என்றால் ரேடாரில் தெரியும், நிலையத்தையே நகர்த்திக்கொள்கிறார்கள். நடுவில் இருப்பதற்கு? கடவுள் விட்ட வழி. நீல நிறத்தில் மின்னவும் இல்லை, சதவீதமும் காட்டுவதில்லை.

"சரி, படத்துக்குப் போய் ஏண்டா இவ்வளவு டென்ஷன்?" என்பவர்களுக்கு இனிமேல்தான் விஷயமே.

1983 மார்ச் 23 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் டிவியில் தோன்றி, வருகிற அணு ஏவுகணைகளை வழியிலேயே அழிக்கும் பாதுகாப்பு ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தார். மறுநாளே செனட்டர் எட்வர்ட் கென்னடி அதை 'ஸ்டார் வார்ஸ்' என்று கிண்டல் செய்ய, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கிண்டலாக வைத்த பெயர் அந்தத் திட்டத்துக்குப் பாதி விளம்பரம் செய்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். திரையில் நீலக் கேடயத்தைப் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு, 'நாட்டுக்கு மேல் ஒரு கேடயம்' என்றால் என்ன விலை என்று கேட்கவே தோன்றாது. விஞ்ஞானக் கதை எழுத்தாளர்களே இதில் இரண்டு கட்சி. ஜெர்ரி பூர்னெல், மேலே சொன்ன நிவன், ஹைன்லைன் எல்லாம் ஆதரவு. இலங்கையில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க் எதிர்ப்பு. 1984-ல் நிவன் வீட்டில் நடந்த கூட்டத்தில் ஹைன்லைன் கிளார்க்கை வெளுத்து வாங்கியதாக அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரே ஒருவர் எங்கள் டிபார்ட்மெண்ட் ஆள் மாதிரிப் பேசினார். பால் நிட்ஸ், ரீகனுக்கே ஆலோசகர். 1985 பிப்ரவரியில் அவர் வைத்த நிபந்தனை: கேடயத்தைக் கூடுதலாக ஒரு படி பலப்படுத்த ஆகும் செலவு, எதிரி அதைத் தாண்டக் கூடுதலாக ஒரு ஏவுகணை செய்ய ஆகும் செலவை விடக் குறைவாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கட்டாதே. ப்ளஸ் டூ பொருளியல் புத்தகத்தில் 'இறுதிநிலைச் செலவு' என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்! அந்தத் தேர்வில் திட்டம் தேறவே இல்லை. ஏன் என்று விளங்க, 1971-ல் அப்பல்லோ 15-ல் போனவர் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகப் போட்டுக் காட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று இல்லாத இடத்தில் இரண்டும் ஒன்றாகவே விழும். அதேபோல வெற்றிடத்தில் டன் கணக்கு அணுகுண்டும் பளபளப்புத் தாள் பலூனும் ஒரே மாதிரிதான் பறக்கும். குண்டு ஒன்றோடு பலூன் ஐம்பதை விட்டால் எதைச் சுடுவீர்கள்? பலூன் என்ன விலை, அதைச் சுடும் ஏவுகணை என்ன விலை? இதை பெத்தே, கார்வின் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1968-லேயே எழுதிவிட்டார்கள். 1993-ல் அந்தத் திட்டத்தின் பெயரை மாற்றி ஓரங்கட்டியபோது செலவாகியிருந்தது சுமார் 3,000 கோடி டாலர்.

முடிந்துபோன கதை இல்லை இது. 2025 மே மாதம் டிரம்ப் 'கோல்டன் டோம்' என்று அறிவித்தபோது சொன்ன தொகை 17,500 கோடி டாலர். அதே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கில், விண்வெளியில் இருந்து சுடும் பகுதிக்கு மட்டுமே இருபது வருடத்தில் 16,100 கோடியில் இருந்து 54,200 கோடி டாலர் வரை. பெயர் வைப்பதில் மட்டும் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தங்கக் குவிமாடம்! சினிமா டைட்டில் மாதிரியே இல்லை?

கிளார்க் 1951-லேயே ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார், 'சுப்பீரியாரிட்டி' என்று. தோற்றுப்போன ஒரு தளபதி ஜெயிலில் இருந்துகொண்டு, எதிரியை விட எல்லா விதத்திலும் உயர்ந்த விஞ்ஞானம் வைத்திருந்தும் ஏன் தோற்றோம் என்று சொல்வதாக வரும். ஒவ்வொரு புதிய ஆயுதமும் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் அதற்காகப் பழைய உற்பத்தியை நிறுத்தியிருப்பார்கள், புதியது சொன்ன தேதிக்கு வந்து சேராது. கடைசியில் ஒரு அற்புதமான புலம் கண்டுபிடிப்பார்கள், கப்பலையே எதிரி நெருங்க முடியாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். ஒரே ஒரு சின்னப் பக்கவிளைவு. ஒவ்வொரு தடவை போட்டு அணைக்கும்போதும் கப்பல் மயிரிழை அளவு உருமாறும். கொஞ்ச நாளில் ஒரு கப்பலின் உதிரிபாகம் இன்னொரு கப்பலுக்குப் பொருந்தாது. நட்டும் போல்ட்டும் சேராமல் ஒரு பேரரசு தோற்றுப்போகும். எட்டோ பத்தோ பக்கம்தான் இருக்கும். 'லாஜிக் பாக்காதே'ங்கிற ஆசாமிகள் அதைப் படித்துவிட்டு வரட்டும், ஹோல்டோவைப் பற்றி மறுபடியும் பேசலாம்.